புளியந்தீவில் ஒரு பழைய வீட்டு விடுதி: ஒல்லாந்தர் கட்டாத வீட்டின் மதிப்பு

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில், கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு குறுக்கு வீதியில், நான்கு அறைகளை மட்டும் வாடகைக்கு விடும் பழைய ஓட்டு வீடொன்று விடுதியாக இயங்கி வருகிறது. அறை பதிவுசெய்யும் இணையத்தளங்களில் அது “ஒல்லாந்தர் கால மாளிகை” என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. தங்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வீடு ஒல்லாந்தர் காலத்ததும் அன்று, மாளிகையும் அன்று. இருந்தும், மட்டக்களப்பில் இரவு தங்க இடம் கேட்போருக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். அதற்கான காரணமும் அந்த விளம்பரம் மறைத்துவிடுகின்ற உண்மைக்குள்ளேதான் இருக்கிறது. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் விடுதியின் பெயரைத் தவிர்க்கிறேன். முன்விறாந்தையில் கடைந்த மரத்தூண்கள் நிற்கும் விடுதி எதுவென்று கேட்டால் புளியந்தீவில் ஓட்டோ ஓட்டுபவர் எவரும் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

முதலில் காலக் கணக்கைத் தீர்த்துவிடலாம். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆகவே ஒல்லாந்தர் கால வீடு என்று ஒன்றைச் சொல்வதானால் அது 1796க்கு முற்பட்டதாக இருந்தாக வேண்டும். இந்த வீட்டின் முன்விறாந்தைக்கு உட்கூரை அடிக்கப்படவில்லை. அங்கே கிடக்கும் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தாலே ஓடுகளின் அடிப்பக்கம் தெளிவாகத் தெரிகிறது. அவை அனைத்தும் மங்களூர் ஓடுகள். சிலவற்றில் ஆலையின் பெயர் ஆங்கில எழுத்துகளில் புடைத்து நிற்கிறது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் ஓட்டுக்கான ஆலையைத் தொடங்கியது 1865இல்தான். கூரை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவது என்பதால் ஓட்டை மட்டும் வைத்து வீட்டின் வயதைச் சொல்லக்கூடாது என்பது சரியான எதிர்வாதமே. ஆனால் கூரையைச் சாய்வாகத் தாங்கும் கைமரங்களைக் கவனித்தால் அந்த ஐயமும் நீங்கிவிடும். மங்களூர் ஓட்டுக்கு, கைமரங்களின் மேல் குறுக்காக அடித்து ஓட்டைத் தாங்கவைக்கும் சிலாகை ஏறக்குறைய ஓரடிக்கு ஒன்று போதும். கையால் செய்யும் நாட்டோட்டுக்கு அதைவிட நெருக்கமாக அடிக்க வேண்டும். முதலில் நாட்டோடு வேய்ந்து பின்னர் மங்களூர் ஓட்டுக்கு மாறிய வீடுகளில், கைமரத்தின் மேல்விளிம்பில் பழைய சிலாகைகளின் ஆணித் துளைகள் வரிசையாக எஞ்சியிருக்கும். இங்கே அத்தகைய துளை ஒன்றுகூட இல்லை. விறாந்தையின் ஓரப் பலகைகளிலோ கொல்லன் அடித்த சதுர ஆணிகளுக்குப் பதிலாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பரவலான உருண்டைக் கம்பி ஆணிகளே அடிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்காரர் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவதும் முதலாம் உலகப் போருக்குச் சற்று முந்திய காலத்தையே சுட்டுகிறது. ஏழாம் எட்வர்ட் மன்னர் அரசாண்ட 1901 முதல் 1910 வரையிலான காலமும் அதை ஒட்டிய சில ஆண்டுகளும் என்று இதனைக் கொள்வது பொருத்தமாக இருக்கும்.

இந்தத் திருத்தத்தை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர்களுக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை. “ஒல்லாந்தர் என்று போட்டால்தான் வெள்ளைக்காரர் வாறாங்க மனே” என்று அந்த அம்மா சிரித்தபடியே சொல்லிவிட்டார். வியாபார நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒல்லாந்தர் கட்டிய எதையும் பார்க்க விரும்புவோருக்குக் கூப்பிடு தூரத்தில் கோட்டையே இருக்கிறது. அதன் மதிலையும் பீரங்கியையும் எந்த விடுதியாலும் வெல்ல முடியாது. இந்த வீடு காட்டக்கூடியது வேறொன்று. கோட்டையையும் மரியாள் பேராலயத்தையும் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியையும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியையும் கட்டியவர்கள் அதிகாரமோ நிறுவனமோ பின்னால் இருந்தவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில், சொந்தக் கையுழைப்பில் வாழ்ந்த ஒரு குடும்பம், தான் சேர்த்த காசுக்குள் எப்படி ஒரு நல்ல வீட்டை அமைத்துக்கொண்டது என்பதற்கு நகரில் எஞ்சியிருக்கும் சான்றுகள் மிகக் குறைவு. அந்தச் சான்றுகளில் ஒன்றுக்குள் காசு கொடுத்து இரவு தங்கலாம் என்பதே இந்த விடுதியின் தனிச்சிறப்பு.

வீட்டின் அமைப்பு எளிமையானது. முன்னால் வீட்டின் அகலம் முழுவதற்கும் ஒரு விறாந்தை, நடுவில் மண்டபம், மண்டபத்தின் இருபுறமும் இரண்டிரண்டு அறைகள், பின்னால் இன்னொரு விறாந்தை, அதிலிருந்து ஓடு போட்ட நடைபாதை வழியாகத் தனியாக நிற்கும் குசினி. குசினிக்கும் பின்விறாந்தைக்கும் இடையில், செங்கல்லால் அல்லாமல் முழுவதும் பலகையால் அடைத்த சிறிய அறை ஒன்று இருக்கிறது. வீட்டை முதலில் கட்டியவர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த தச்சர் என்றும், அந்தப் பலகை அறைதான் அவருடைய பட்டறை என்றும் சொல்லப்படுகிறது. மட்டக்களப்புப் பறங்கியர் தச்சிலும் இரும்பு வேலையிலும் தையலிலும் சப்பாத்துத் தொழிலிலும் தலைமுறைகளாகப் பெயர் பெற்றவர்கள் என்பதால் அதை நம்புவதில் எனக்குத் தடை இல்லை. வீடே அதற்குச் சாட்சி சொல்கிறது.

எப்படியென்றால், முன்விறாந்தையின் தூண்கள் முதிரை மரத்தில் கடைந்து, மேலும் கீழும் வளையம் எடுத்துச் செய்யப்பட்டவை. பின்விறாந்தையின் தூண்களோ நான்கு மூலை சீவி, விளிம்பை மட்டும் மழுக்கிவிட்ட வெறும் பாலைக் கட்டைகள். முன்பக்கத்து இறவாரத்தில் தொங்கும் ஓரப் பலகையில் இலையும் சுருளுமாக அறுப்பு வேலை செய்யப்பட்டிருக்கிறது. அது வீட்டின் பக்கச் சுவர் திரும்பும் இடத்தில் இரண்டு முழத்துக்குத் தொடர்ந்துவிட்டு, வீதியில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் சட்டென நின்று, அதற்கப்பால் வெறும் பலகையாகிவிடுகிறது. எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த ஒருவருடைய மனம் அந்த இடத்தில் நமக்குத் தெரிகிறது. அரண்மனைகளில் இதைப் பார்க்க முடியாது, ஏனெனில் அங்கே மிச்சம் பிடிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இந்த வீட்டைப் பற்றி எழுதும்போது மெல்பேர்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதைத் திருத்திய முறை அங்கிருந்து வந்தது. மண்டபத்துச் சுவரில் ஒரு நிழற்படம் தொங்குகிறது: வெள்ளைப் பூச்சுப் பூசிய பலகை வீடு, முன்னால் ஒரு சிறிய விறாந்தை, அதன் இறவாரத்திலும் அறுப்பு வேலை. வீட்டுக்கார அம்மாவின் மகள் அவுஸ்திரேலியாவில் வாழும் வீடு அது. யராவில், புட்ஸ்கிறே, நோர்த்கோட் போன்ற புறநகர்களில் எட்வர்ட் காலத்தில் தொழிலாளருக்கும் சிறு உத்தியோகத்தருக்கும் இத்தகைய வீடுகள் தெருத்தெருவாக எழுந்தன. நிலத்தில் நட்ட கட்டைகளின் மேல் மரச்சட்டகம் நிறுத்தி, வெளிப்புறத்தில் கிடையாகப் பலகைகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் படியுமாறு அடித்துச் சுவராக்கினார்கள். மழைநீர் ஒரு பலகையிலிருந்து அடுத்ததன் மேல் வழிந்து வெளியே சிந்திவிடும், சட்டகத்துக்குள் இறங்காது. கூரைக்கு நெளிதகரம் அல்லது மார்செய் வகை ஓடு. அந்த வீடுகளில் பலவற்றின் முகப்புப் பலகையில் மட்டும் செங்குத்துக் கோடுகள் வெட்டி, கருங்கல் அடுக்கிக் கட்டியது போலத் தோன்றச் செய்திருப்பார்கள்; பக்கச் சுவருக்குப் போனால் கோடும் இல்லை, கல்லும் இல்லை, சாதாரணப் பலகைதான். புளியந்தீவுத் தச்சரின் ஓரப் பலகைக் கணக்கும் மெல்பேர்ன் தொழிலாளியின் முகப்புப் பலகைக் கணக்கும் ஒன்றேதான்.

ஓட்டிலும் இரண்டு ஊருக்கும் உறவு உண்டு. ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் ஓட்டை அல்சாஸ் பகுதியின் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உருவாக்கினார்கள். மார்செய் நகரத்து ஆலைகள் அதே வழியில் ஓடு செய்து உலகெங்கும் அனுப்பின. முதலாம் உலகப் போர் வரை மெல்பேர்ன் வீடுகளுக்கு அது பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. மங்களூர் ஓடும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். ரயில் பாதை 1928இல் மட்டக்களப்பை எட்டுவதற்கு முன் இத்தகைய பாரமான சரக்குக்குக் கடல்வழியே வசதியான வழி. ஒரே காலத்தில், ஒரே பேரரசுக்குள், ஒன்றையொன்று அறியாத இரண்டு கடற்கரை ஊர்களின் நடுத்தர வீடுகளுக்கு மேல் ஒரே கொளுவு முறையில் ஓடு ஏறியிருக்கிறது. இந்தச் செய்தியை விடுதிக்காரர் ஒரு தாளில் எழுதி அறைகளில் வைத்தால், இல்லாத ஒல்லாந்தரைக் காட்டுவதைவிடப் பயணிகளுக்கு ஆர்வமூட்டும் என்பது என் எண்ணம்.

மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் உள்ளூர் மாநகர சபைகள் மரபுப் பகுதிகளை வரைபடத்தில் குறித்து, அவற்றுக்குள் வரும் ஒவ்வொரு வீட்டையும் தரம் பிரிக்கின்றன. தனியாகவே முக்கியத்துவம் உள்ளவை ஒரு வகை. தனியாக நோக்கினால் பெரிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் தெருவின் மொத்தத் தோற்றத்துக்குத் துணை நிற்பவை இன்னொரு வகை. சிறிய பலகை வீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் சேரும். அந்த வகையில் இருக்கும் வீட்டின் முகப்பை இடிக்கவோ மாற்றவோ அனுமதி பெற வேண்டும். ஆனால் உட்புறத்தை மாற்றுவதும், வீதியில் நின்று பார்த்தால் தெரியாத வகையில் பின்னால் புது அறை சேர்ப்பதும் பொதுவாகத் தடைப்படுவதில்லை. 1979இல் தென் அவுஸ்திரேலியாவின் பர்ரா என்னும் ஊரில் ஏற்கப்பட்ட மரபுப் பாதுகாப்புச் சாசனம் இதற்கெல்லாம் வழிகாட்டி: தேவையான அளவுக்கு மாற்று, ஆனால் இயன்றவரை குறைவாகவே மாற்று என்பது அதன் சாரம். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே இயல்பாகத் தொல்சின்னம் என்று கொள்கிறது; அதற்குப் பிந்திய கட்டடம் ஒன்றைச் சேர்ப்பதென்றால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். ஒரு தச்சரின் ஓட்டு வீட்டுக்காக எவரும் வர்த்தமானி வெளியிடப் போவதில்லை. எனவே இத்தகைய வீடு நிற்பதும் விழுவதும் முழுக்க முழுக்க உரிமையாளரின் விருப்பத்தையும் அவருடைய கைக்காசையும் பொறுத்தது. விளம்பரத்தில் ஒல்லாந்தர் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: நூறு வருட வீடு என்றால் பழைய வீடு, முந்நூறு வருட வீடு என்றால்தான் மரபு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது.

இனித் திருத்த வேலைக்கு வருகிறேன். இந்த விடுதியில் என்னை மிகவும் கவர்ந்தது முன்விறாந்தையின் கைமரங்களே. இறவாரத்துக்கு வெளியே நீண்டிருந்த முனைகள் மழையில் நைந்து போயிருக்கின்றன. பொதுவாக மேசன்மாரும் ஒப்பந்தக்காரரும் செய்வது, முழுக் கூரையையும் கழற்றி, இரும்புக் குழாய்ச் சட்டம் போட்டு, மேலே நிறத் தகரம் ஏற்றிவிடுவது. அது விரைவானதும் மலிவானதும்கூட. இங்கே காத்தான்குடியிலிருந்து வந்த ஓடாவி ஒருவர், நைந்த முனையை மட்டும் சரிவாக அறுத்தெடுத்து, அதே சரிவில் புது முதிரைத் துண்டைப் பொருத்தி, இரண்டு மர ஆப்புகளால் இறுக்கியிருக்கிறார். பொருத்து அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நகத்தை வைத்துத் தடவினால்தான் இடம் தெரிகிறது. புது மரத்துக்குப் பழைய நிறம் ஏற்றிவிடாமல் அதன் வெளிர் மஞ்சளோடு அப்படியே விட்டிருப்பதும் நல்ல முடிவு. எது பழையது, எது இப்போது சேர்த்தது என்று பார்ப்பவர் எவரும் பிரித்தறியலாம். இந்தத் துல்லியத்தோடு ஒப்பிட்டால், வீட்டின் வேறு சில பகுதிகளில் நடந்திருக்கும் வேலை ஏமாற்றமளிக்கிறது.

முகப்புச் சுவர் அப்படிப்பட்ட ஒரு பகுதி. செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, சுண்ணாம்புப் பூச்சே பூசிய சுவர் அது. அந்தக் காலத்தில் முருகைக்கல்லைச் சுட்டே இந்தக் கரையில் சுண்ணாம்பு எடுத்தார்கள்; முருகைக்கல் அகழ்வது இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு நீராவியை வெளியே விடும். வாவியால் சூழப்பட்ட புளியந்தீவில், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம், வெயில் வந்ததும் பூச்சின் வழியாக உலர்ந்து போய்விடும். விடுதியாக மாற்றுவதற்கு முன் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர், முகப்பைப் பளிச்சென்று காட்டுவதற்காக, இடுப்பளவு உயரத்துக்குப் பழைய பூச்சை உடைத்தெடுத்துவிட்டுச் சீமெந்து பூசியிருக்கிறார். சீமெந்து ஈரத்தை வெளியே விடுவதில்லை. உள்ளே அடைபட்ட ஈரம் சீமெந்துக்கு மேலே, பழைய சுண்ணாம்புப் பூச்சு தொடங்கும் இடத்துக்கு ஏறி, அங்கே உப்புப் பூத்து, பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. முகப்பின் குறுக்கே ஒரு கோடு போட்டது போல அந்த உதிர்வு ஓடுகிறது. வீட்டுக்காரர் இப்போது அதை அறிந்திருக்கிறார். பின்பக்கச் சுவரொன்றில் சீமெந்தைத் தட்டி எடுத்துவிட்டு, மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பைக் குழைத்து மறுபடியும் பூசிப் பார்த்திருக்கிறார்கள், அது காய்ந்து நன்றாகவே நிற்கிறது. முகப்புக்கும் அதையே செய்வதற்குக் காசு சேர்கிறது என்றார்கள். அதுவரை முகப்பை நிழற்படம் எடுப்போர் அந்தக் கோட்டைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

கதவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இரட்டைக் கதவு. கீழ்ப்பாதி பலகை, மேல்பாதி சாய்வான மரச் சட்டங்கள், கதவு நிலைக்கு மேலே காற்றுப் போவதற்கு மரத்தில் அறுத்தெடுத்த சூரிய வடிவம். மழைக்காலத்தில் இவை உப்பி நிலத்தில் உராய்கின்றன. நான் இழுத்துத் திறக்க முயன்றபோது, “இழுக்காதீங்க மனே, லேசாத் தூக்கித் தள்ளுங்க” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. தூக்கித் தள்ளினால் பித்தளைப் பிணைச்சல் ஒரு நூல் அளவு மேலெழும்பி, கதவு ஓசையின்றித் திறக்கிறது. அடியைச் சீவிவிட்டால் என்ன என்று கேட்டேன். சீவினால் வெயில் காலத்தில் இடைவெளி விழும், அதன் வழியே பூரான் வரும், அதனால் தன் தகப்பனார் காலத்திலிருந்தே எவரையும் சீவ விடவில்லை என்றார் அந்த அம்மா. வருகின்றவர்கள் எல்லாரும் இழுத்து இழுத்து நிலத்தின் சிவப்புச் சீமெந்தில் கால்வட்டக் கீறல் விழுந்துவிட்டது என்பது உண்மை. கதவைத் திறக்கும் முறையை அறைச் சாவியோடு ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் தீரும் சிக்கல்.

குறைகளில் பெரியது அலங்காரம். மண்டபத்தில் எங்கிருந்தோ வாங்கி வந்த கிராமபோன், பித்தளைக் குத்துவிளக்கு வரிசை, கண்டிப் பாணியில் சிற்பம் வெட்டிய ஒரு கதவு நிலை, கப்பல் நங்கூரம் ஒன்று. இவற்றில் எதற்கும் இந்த வீட்டோடு தொடர்பு இல்லை. கண்டிக் கதவு நிலை தனியே அழகானதுதான். இங்கே சுவரில் சாத்தி வைத்திருப்பதால், பக்கத்தில் இருக்கும் தச்சரின் எளிமையான கதவு ஏழைபோல ஆகிவிடுகிறது. இதற்கிடையில், அந்தத் தச்சர் பயன்படுத்திய வாய்ச்சியும் இழைப்புளிகளும் அளவுக்கோலும் பலகை அறையில் ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன. கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். கைபட்டுக் கைபட்டு இழைப்புளியின் பிடியில் பெருவிரல் பதியும் இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. கிராமபோனை விற்றுவிட்டு அந்தப் பெட்டியை மண்டபத்தில் திறந்து வைத்தால் போதும், வேறு அலங்காரமே வேண்டியதில்லை.

பலகை அறையைப் பற்றிய என் மனக்குறையும் அதே வகையானது. மட்டக்களப்பில் பலகைச் சுவர் நிலைத்து நிற்பது கடினம். கறையானும் ஈரமும் விட்டுவைப்பதில்லை. இந்த அறை நின்றதற்குக் காரணம், அடிப்பலகை நிலத்தைத் தொடாமல் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டி அதன் மேல் சட்டகத்தை நிறுத்தியிருப்பதும், நான்கு பக்கமும் இறவாரம் நீளமாக இறங்கியிருப்பதும்தான். மெல்பேர்ன் வீடுகளில் இருப்பது போலவே பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கின்றன. வீட்டின் மிக அரிய பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அதனைத் தற்போது மெத்தைகளும் பழைய மின்விசிறிகளும் போட்டு வைக்கும் களஞ்சியமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு வாசிப்பறையாக்கினால் வாடகை அறைகளைவிட அதற்கே ஆள் வரும்.

அதற்கு அடுத்திருக்கும் பின்விறாந்தையின் கூரை ஓடாக இல்லாமல் அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருப்பதற்கு வேறொரு வரலாறு உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பில் ஆயிரக்கணக்கான கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. இந்த வீட்டின் முன்கூரை தப்பியது, பின்கூரை போய்விட்டது. அன்றைக்குக் கிடைத்ததை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நகரில் பழைய ஓட்டு வீடுகள் குறைந்து போனதற்குப் போரைப் போலவே அந்த ஒரே இரவும் காரணம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிப் பக்கத்தில் கடலோர வீடுகளைத் துடைத்துச் சென்றபோது, வாவிக்குள் அமைந்த புளியந்தீவு பெருமளவு தப்பியது. இங்கே எஞ்சியிருக்கும் வீடுகளுக்கு அந்த வகையிலும் ஒரு கூடுதல் பெறுமதி சேர்ந்திருக்கிறது. சீற்றை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். என் கருத்து வேறு: அஸ்பெஸ்டஸ் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் அதை முறையாக அகற்றத்தான் வேண்டும், ஆனால் அந்த இடத்தில் போலிப் பழமை ஏற்றாமல் நெளிதகரம் போட்டால் போதும். சூறாவளி நடந்தது என்பதும் வீட்டின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

தங்குவோருக்குத் தேவையான மற்றச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் தங்கியபோது காலை உணவோடு அறை ஒன்றுக்கு இரவுக்கு 9,000 ரூபாய் வாங்கினார்கள். முன்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் குளிரூட்டி இல்லை. உயர்ந்த உட்கூரையும் சட்டக் கதவுகளும் இருப்பதால் கடும் வெயில் மாதங்களைத் தவிர அது தேவைப்படாது. பின்பக்கத்து அறை ஒன்றுக்குக் குளிரூட்டி பொருத்தியிருக்கிறார்கள். அதன் குழாய்க்காகச் சூரிய வடிவக் காற்றுச் சட்டத்தின் கதிர்களில் ஒன்றை அறுத்திருப்பதைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே சுவரில் ஒரு துளை போட்டிருக்கலாம். குளியலறைகள் வீட்டுக்குள் திணிக்கப்படாமல் பின்புறத்தில் தனியாகக் கட்டி, மூடிய நடைபாதையால் இணைக்கப்பட்டிருக்கின்றன. இரவில் எழுந்து நடக்க வேண்டியிருப்பதை ஒரு குறையாக இணையத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். வீட்டின் அறைகளைக் குடைந்து குழாய் செருகாமல் விட்டதற்காக நான் அதைப் பாராட்டுவேன். முதியவர்களோடு போவோர் மட்டும் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சுடுநீர் காலையில் வருகிறது, மாலையில் வருவதில்லை. நுளம்பு வலை எல்லாக் கட்டிலுக்கும் உண்டு, கிழிசல் இல்லை.

காலையில் பிட்டும் மீன் சொதியும் சம்பலும் எருமைத் தயிரும் பின்விறாந்தையில் பரிமாறுகிறார்கள். சமையல் நன்றாக இருக்கிறது. அதற்காக மட்டும் தேடிப் போகும் அளவுக்கு விசேடமானது என்று சொல்ல மாட்டேன்.

அறை கேட்கும்போது முன்பக்கத்து இடது அறையைக் கேளுங்கள். முகப்புச் சுவரின் உதிர்வு அந்தப் பக்கத்தில் குறைவு, யன்னல் கிழக்கைப் பார்க்கிறது, கைமர ஒட்டு வேலையைக் கிட்ட நின்று பார்ப்பதற்கும் அந்த அறைக்கு எதிரேயுள்ள விறாந்தைப் பகுதியே வசதி. கார்த்திகை, மார்கழியில் போவதானால் கதவுகள் உப்பியிருக்கும், சுவரில் ஈர வாடை இருக்கும். மாசிக்குப் பிறகு போனால் இரண்டும் இராது. தச்சரின் ஆயுதப் பெட்டியையும் பலகை அறையையும் பார்க்க விரும்புவதாக வந்த அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அறைக்குள் கிடக்கும் மெத்தைகளை வெளியே எடுத்து வைக்க அவர்களுக்கு ஆள் தேவைப்படும்.